சுரண்டிய கோடுகள்

ஓவியர் அன்றைக்கும் கோபுரத்தைச் சுரண்டினார்.

கடல் தடுப்புச் சுவரின் மேல், மூன்று கால் ஸ்டாண்டில் அவருடைய கான்வாஸ் நின்றது. எதிரே பாறை முனையில் இருக்கும் பழைய காவல் கோபுரம் அதில் முக்கால்வாசி வந்துவிட்டது. வானம் முடிந்தாயிற்று, கடலும் முடிந்தாயிற்று. கோபுரத்தின் கடல்பக்க விளிம்பு மட்டும் முடிவேனா என்றது. நேற்றுப் போட்ட கோடு இன்று பொருந்தவில்லை. முந்தாநாள் போட்டது நேற்றுப் பொருந்தவில்லை. ஒவ்வொரு நாளும் வண்ணம் குழைக்கும் மெல்லிய கத்தியால் அதைச் சுரண்டி, டர்பன்டைனில் நனைத்த துணியால் துடைத்து, புதிதாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

அவர் அளவெடுக்கும் விதம் எளிமையானது. முழங்கை மடங்காமல் கையை நீட்டி, தூரிகையின் காம்பைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். முழங்கை கொஞ்சம் மடங்கினாலும் காம்பு கண்ணுக்கு நெருங்கிவிடும், அளவு பொய்யாகிவிடும். கோபுரத்துக்குப் பின்னால் கடலில் ஒரு சின்னக் கரும்பாறை தலைநீட்டிக்கொண்டிருக்கிறது. கோபுரத்தின் உச்சி விளிம்புக்கும் அந்தப் பாறைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று காம்பின் மேல் கட்டைவிரல் நகத்தால் குறித்துக்கொள்வார். முதல் நாள் அந்த இடைவெளியில் ஒரு படகு நிற்கலாம் போலிருந்தது. இப்போது அது ஒரு துடுப்பின் அகலத்துக்குச் சுருங்கிவிட்டது.

முதலில் ஸ்டாண்டைச் சந்தேகப்பட்டார். நிற்கும் இடம் ஓரடி மாறினாலும் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் விலகித் தெரியும். ஆனால் மூன்று கால்களும் எங்கே நிற்க வேண்டும் என்று முதல் நாளே சுவரில் வெள்ளைப் பெயின்டால் புள்ளி வைத்திருந்தார். கால்கள் அச்சுப் பிசகாமல் புள்ளிகளின் மேலேயே நின்றன. தான் நிற்கும் கல்லையும் சோதித்தார். அதே கல். செருப்பும் அதே செருப்பு.

மிச்சம் சந்தேகப்பட ஒன்றுதான் இருந்தது. அது அவருடைய வலது கண்.

அவருடைய இடது கண் ஏற்கெனவே போய்விட்டது. பார்வையின் ஓரம் தெரியும், நடு தெரியாது. ஒருவர் எதிரே வந்தால் தோளும் காதும் தெரியும், முகம் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணெய்க் கறை மாதிரி ஒரு மங்கல். அது வந்த விதம்தான் கொடுமை. முதலில் நேரான பொருள்கள் வளைந்து தெரிந்தன. கதவு நிலை, விளக்குக் கம்பம், புத்தக அலமாரி. அவர் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காட்டப் போனபோது காலம் கடந்துவிட்டது.

கண் டாக்டர் கட்டம் போட்ட ஒரு தாளைக் கொடுத்திருந்தார். "தினமும் காலையில வலது கண்ணால இதைப் பாருங்க. கோடு எல்லாம் நேரா இருந்தா கவலையில்லை. எங்கேயாவது நெளிஞ்சுதுன்னா அன்னிக்கே கிளம்பி வந்துடுங்க. மறுநாள்கூட வேண்டாம்."

அந்தத் தாள் அவருடைய சட்டைப் பையில் நான்காக மடிந்து கிடந்தது. கோபுரத்தின் விளிம்பு பொருந்தாமல் போன நாளிலிருந்து அவர் அதைப் பிரிக்கவே இல்லை.

"தாளைப் பார்த்தீங்களா?" என்று மனைவி தினமும் கேட்பாள்.

"பார்த்தாச்சு."

"கோடு?"

"கோடு கோடாத்தான் இருக்கு."

அவள் நம்புவாள். அதுதான் அவரைக் குத்தியது. துறைமுகத்தின் புது மண்டபத்தில் மாட்டுவதற்கு இந்தப் படத்தைக் கேட்டிருந்தார்கள். ஒரு நேர்கோடு போடத் தெரியாதவர் என்று ஆகிவிட்டால், இந்தப் படம் மட்டுமா போகும்? அப்புறம் அவர் தூரிகையைத் தொட என்ன இருக்கிறது? தாளைப் பிரித்தால் தெரிந்துவிடும். பிரிக்காத வரை தெரியாது. அந்த மெல்லிய மடிப்புக்குள் தன் வாழ்க்கையை ஒளித்து வைத்துக்கொண்டு நாள்களை ஓட்டினார்.

அதே பயத்தில்தான் தூக்குக்குண்டையும் பெட்டியிலேயே வைத்திருந்தார். கொத்தனார்கள் சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்ப்பார்களே, நூலின் நுனியில் இரும்புக் குண்டு, அதே சாமான். எத்தனையோ வருஷமாக ஸ்டாண்டின் உச்சியில் அதைத் தொங்கவிட்டுத்தான் கட்டடங்களை வரைவார். மைத்துனன் அவருக்கு வைத்திருக்கும் பெயரே தூக்குக்குண்டு மாமா. இப்போது அந்த நூலைத் தொங்கவிட்டு, அதுவும் வளைந்து தெரிந்துவிட்டால்?

சுரண்டிக்கொண்டிருக்கும்போதே சைக்கிள் மணி கேட்டது. மைத்துனன்தான். மனைவியின் தம்பி. காவல் கோபுரத்தின் உச்சியில் புயல் கொடி ஏற்றுகிற வேலை அவனுக்கு.

"என்ன மாமா, கோபுரத்துக்கு இன்னிக்கும் சவரமா?" என்று ஒரு காலை ஊன்றி நின்றான். "உலகத்துலயே தினமும் சவரம் பண்ணிக்கற கோபுரம் உங்களுதுதான்."

"உன் மூஞ்சிக்கும் கொஞ்சம் தேவைப்படுது. போய் வேலையைப் பாருடா."

"அதுக்குத்தான் போறேன். காத்து சரியில்ல. மஞ்சள் கொடி ஏத்தச் சொல்லிட்டாங்க. எல்லாப் படகும் வெளியே கிடக்கு, மோசமாச்சுன்னா சிவப்புக்கு உத்தரவு வரும். அதுவரைக்கும் மேலயேதான். அக்காகிட்ட சொல்லிடுங்க, சாப்பிட வர மாட்டேன்."

"பட்டினியா கிடப்பியா?"

"டீ இருக்கே. ஆனா அதுவும் பாதிதான் கிடைக்குது. டீக்கடை அக்கா வர வர கேனை ஒழுங்காவே கட்டறதில்ல. கயிறு இழுக்க இழுக்க படிக்கட்டுல போய் இடிச்சுக்குது. மேல வர்றதுக்குள்ள பாதி டீயைக் கோபுரமே குடிச்சுடுது. நேத்து நல்லா நாலு வார்த்தை கேட்டுட்டேன்."

சிரித்துக்கொண்டே மிதித்துப் போய்விட்டான். கொஞ்ச நேரத்தில் கோபுரத்தின் உச்சியில் மஞ்சள் துணி படபடத்தது.

காற்று வலுத்தது. ஸ்டாண்டின் ஒரு கால் புள்ளியிலிருந்து நகர்ந்தது. ஓவியர் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கான்வாஸைக் கழற்றினார். பாய்மரம் போல அது காற்றை வாங்கியது. காற்றுக்குப் பக்கவாட்டாகத் திருப்பித் தலைக்கு மேலே தூக்கியபோது மேகத்தில் ஒரு கிழிசல் விழுந்து, வெயில் நேராகக் கான்வாஸின் முதுகில் அடித்தது.

அப்போதுதான் அவற்றைப் பார்த்தார்.

கான்வாஸ் என்பது துணி. என்னதான் சுரண்டினாலும் இழைகளுக்கு நடுவே இருக்கும் நுண்ணிய குழிகளில் வண்ணம் தங்கிவிடும். முன்னாலிருந்து பார்த்தால் மேலே பூசிய பூச்சு அதை மறைத்துவிடும். பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் பூச்சு மெலிந்த இடம் எண்ணெய் தடவிய தாள் போல ஒளிரும், வண்ணம் தங்கிய இழை கறுப்பாக நிற்கும். அவர் தினம் தினம் அழித்த விளிம்புகள் அத்தனையும் அங்கே இருந்தன. அடியில் எல்லாம் ஒரே புள்ளியில் கூடின. மேலே போகப்போகப் பிரிந்தன. விசிறியைப் பாதி விரித்தது போல.

அவர் கையை இறக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

தவறுகளைப் பற்றி அவருக்கு ஒன்று தெரியும். கை நடுங்குகிறவன் போடும் கோடு ஒரு நாள் இந்தப் பக்கம் போகும், ஒரு நாள் அந்தப் பக்கம் போகும். கலங்கிய கண்ணும் அப்படித்தான் அலையும். இந்தக் கோடுகள் அலையவில்லை. முதல் நாளிலிருந்து இன்றுவரை ஒன்றுகூடப் பின்வாங்காமல் கடல் பக்கமாகவே ஒவ்வொரு அடியாக நகர்ந்திருந்தன. இவ்வளவு ஒழுங்காக ஒருவன் தப்புப் பண்ண முடியுமா?

கான்வாஸைச் சுவரோரம் சாய்த்துவிட்டுச் சட்டைப் பையில் கைவிட்டார். விரல்கள் தாளைப் பிரிக்க மறுத்தன. பிரித்தார். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, வலது கண்ணை நடுப்புள்ளியில் வைத்தார்.

கட்டம் கட்டமாக, நேர் நேராக, ஒரு கோடுகூட நெளியாமல் இருந்தது.

"கண்ணு நல்லா இருக்கு!" என்று வாய்விட்டுக் கத்தினார். சுவரில் உட்கார்ந்திருந்த கடற்புறாக்கள் பறந்தன. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மனைவியிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது. கண் நல்லா இருக்கு, கை நல்லா இருக்கு, அத்தனை நாளும் நான் போட்ட கோடு ஒவ்வொன்றும் சரி—

ஒவ்வொன்றும் சரி என்றால்?

நிமிர்ந்து கோபுரத்தைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே உறைந்தது.

பெட்டியைக் கவிழ்த்துத் தூக்குக்குண்டை எடுத்தார். நூலைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து, குண்டின் ஆட்டம் அடங்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டார். வட்டக் கோபுரத்தில் ஒரு சூழ்ச்சி உண்டு. அடி பருத்து மேலே போகப்போகக் குறுகிவரும். பக்கங்கள் இரண்டும் ஏற்கெனவே சரிவாகவே இருப்பதால், சாய்ந்தாலும் சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. தினமும் பார்க்கிறவர்களுக்குத் தெரியவே தெரியாது. நூலை நடுவில் பிடித்தால்தான் குட்டு வெளிப்படும். நூலுக்கு இரண்டு பக்கமும் சரிவு சமமாக இருக்க வேண்டும். இல்லை. தரைப்பக்க விளிம்பு கூடுதலாகப் படுத்திருந்தது. கடல்பக்க விளிம்பு நூலுக்கு இணையாக நட்டுக்குத்தலாக நின்றது. அதன் அடியில் அலை மோதி, வெள்ளையாக உள்ளே போய், வெளியே வர நேரமெடுத்தது. உள்ளே போக அங்கே இடம் இருக்கிறது என்று அர்த்தம்.

போனை எடுத்து மைத்துனனைக் கூப்பிட்டார்.

"இறங்கு மாப்ளே. உடனே இறங்கு. கோபுரம் சாயுது."

"என்னது? காத்துல கேக்கல மாமா."

"சாயுதுடா! கடல் பக்கமா!"

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. "காலையில சவரம், இப்ப சாய்வு. மாமா, கோவிச்சுக்காதீங்க, முதல்ல கண்ணு டாக்டரைப் பாருங்க. படகெல்லாம் வெளியே இருக்கு, வெக்கறேன்."

அவர் ஓடினார். தூக்குக்குண்டு கையிலேயே இருந்தது, கத்தி சட்டைப் பையில். பாறை முனைக்குப் போகிற கல்பாதையில் தூறல் வழுக்கியது. கோபுரத்தின் கதவு பாதிவரை எளிதாகத் திறந்து, பிறகு தரையில் தேய்ந்து கிரீச்சிட்டது. பாதித் திறப்பில் உடம்பைக் குறுக்கி நுழைந்தார். உள்ளே சுழன்ற காற்று கதவை அறைந்து சாத்தியது.

படிகள் சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி ஏறின. நடுவில் கிணறு மாதிரி வெற்றிடம். உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவரால் பேச முடியவில்லை.

"இந்த வயசுல எதுக்கு மாமா இதெல்லாம்? உக்காருங்க, உக்காருங்க. அக்காவுக்குத் தெரிஞ்சா என்னைத்தான் தோலை உரிப்பா."

"இறங்குடா. கெஞ்சிக் கேக்கறேன்."

"இது எத்தனை புயலைப் பார்த்த கோபுரம் தெரியுமா? நீங்க ஒரு கோடு கோணலாப் போட்டதுக்கு நான் வேலையை விட்டுட்டு இறங்கணுமா?"

ஓவியர் சுற்றிலும் பார்த்தார். என்ன சொல்லி நம்ப வைப்பது? அவருடைய சாட்சி எல்லாம் கீழே சுவரோரம் கிடந்தது. அதுவும் அவரே சுரண்டி அழித்த சாட்சி. அப்போது கூரையின் நடுவில் இருந்த இரும்புக் கொக்கி கண்ணில் பட்டது. அதில் ஒரு கப்பி. கப்பியில் மைத்துனனின் டீக் கயிறு.

வட்டக் கோபுரம் கட்டுகிறவர்கள் நட்டநடுவில் ஒரு நூலைத் தொங்கவிட்டு, அதிலிருந்து சுற்றிலும் ஒரே அளவு அளந்துதான் ஒவ்வொரு வரிசைக் கல்லையும் வைப்பார்கள். கட்டி முடித்த பிறகு அதே நடுவில்தான் கொக்கியை மாட்டுவார்கள். அதற்கு நேர் கீழே, தரைக்கல்லில், நடுப்புள்ளிக்கு ஒரு குழி இருக்கும்.

"மாப்ளே, டீக் கேனை இறக்கு."

"இப்ப டீ கேக்குதா உங்களுக்கு?"

"காலி கேனை இறக்குடா. என்னை நம்ப வேண்டாம். உன் கேனை நம்பு."

அவன் முணுமுணுத்துக்கொண்டே இறக்கினான். இரண்டு பேரும் கைப்பிடியில் குனிந்து பார்த்தார்கள். கேன் ஆடாமல் மெதுவாக இறங்கியது. பாதி வழியில் கடல்பக்கப் படியில் இடித்தது. டங் என்றது. அவன் கயிற்றை உதறிவிட்டான். இன்னும் கீழே போய் மறுபடியும் இடித்தது. தரைக்குப் போகவே இல்லை, கடல்பக்கத்துக் கடைசிப் படிகளில் போய் உட்கார்ந்துகொண்டது. நடுக்கல்லின் குழி தனியாக, வெகு தள்ளி, கண்ணைத் திறந்து வைத்திருப்பது போலக் கிடந்தது.

"முன்னெல்லாம் எங்க போய் நிக்கும்?" என்று ஓவியர் கேட்டார்.

மைத்துனன் கயிற்றை விடாமல் இன்னும் குனிந்து பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. "அந்தக் குழி மேலதான்," என்றான் கடைசியில். "நேரா குழி மேல. மாமா, அப்ப அந்த அக்கா சரியாத்தான் கட்டியிருக்காங்க. நான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே."

"அதை அப்புறம் பேசிக்கலாம். வா."

"படகு?" அவன் கொடிமரத்தைப் பிடித்துக்கொண்டான். "சிவப்பு ஏத்தாம நான் இறங்க மாட்டேன். காத்து இன்னும் ஏறும். மஞ்சளைப் பார்த்துட்டு அவங்க வலையைத்தான் இழுத்துக்கிட்டு இருப்பாங்க. சிவப்பைப் பார்த்தாத்தான் கரைக்குத் திரும்புவாங்க."

"அப்ப சிவப்பை இப்பவே ஏத்து."

"உத்தரவு இல்லாம ஏத்தினா நாளைக்கு எனக்கு வேலை இல்ல மாமா."

"நாளைக்குக் கோபுரமே இல்லடா!"

அவன் கொடிப் பெட்டியைத் திறந்து சிவப்புக் கொடியை எடுத்தான். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். ஈரக் கயிறு உள்ளங்கையை அறுத்தது. கடல் காற்று முடிச்சை உதறி உதறியே அவிழ்த்துவிடும் என்பதால் மேலுக்கு மேல் இரண்டு முடிச்சுப் போட்டு, வாலை மரத்தில் சுற்றிக் கட்டினான். முடிச்சில் அவசரப்படவில்லை.

இறங்கும்போது சுவரிலிருந்து காரைப்பொடி நெல் சிந்துகிற மாதிரி சிந்தத் தொடங்கியிருந்தது.

கீழே கதவு திறக்கவில்லை.

மைத்துனன் இழுத்தான். ஓவியர் இழுத்தார். சுவர் சாயும்போது கதவு நிலையும் சதுரம் கெட்டுப்போகும். சதுரம் கெட்ட நிலைக்குள் சதுரமான கதவு மூலையில் மாட்டிக்கொள்ளும். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு இறுகும். மைத்துனன் தோளால் மோதினான், காலால் உதைத்தான், கெட்ட வார்த்தை சொன்னான், கடைசியில் கதவில் தலையை வைத்து, "அக்கா," என்றான். தன் அக்காவைத்தான் கூப்பிட்டான், சின்னப் பிள்ளை மாதிரி.

"இழுக்காதே. தள்ளி நில்லு," என்றார் ஓவியர்.

பிடி இருக்கும் பக்கம்தான் மாட்டியிருந்தது. கீல் பக்கம் மேலே சற்று விரிசல் தெரிந்தது. கீல்கள் உள்பக்கம் இருந்தன. ஒவ்வொரு கீலுக்கும் நடுவே ஓர் ஆணி, அதை உருவிவிட்டால் கதவு வெறும் பலகை. கத்தி முனையை ஆணியின் அடியில் கொடுத்து, தூக்குக்குண்டால் கீழிருந்து மேலாக அடித்தார். துரு உதிர்ந்தது. ஆணி அசையவில்லை. மறுபடி அடித்தார். தலைக்கு மேலே எங்கேயோ ஒரு கல் இன்னொரு கல்லின் மேல் அரைபடும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் மேலே பார்க்கவில்லை. கத்தி வளைந்து ஒடிந்தது. ஒடிந்த துண்டை வைத்தே அடித்தார். மேல் ஆணி வந்தது. கீழ் ஆணியை மைத்துனன் பல்லைக் கடித்துக்கொண்டு விரலாலேயே முறுக்கி உருவினான். இருவரும் கீல் பக்க விளிம்பில் விரலைக் கொடுத்து உள்ளே சாய்த்தார்கள். பலகை பெருமூச்சு விட்டதுபோல விலகியது.

பாதையின் முனையில் டீக்கடை அக்கா அடுப்புக்குத் தட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா, கேனை ஒழுங்காக் கட்டலைன்னு திட்டறதுக்கு இறங்கியே வந்துட்டியா?"

மைத்துனன் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான். அடுப்பு, பால், கண்ணாடி டம்ளர் என்று அவள் வழிநெடுகக் கத்திக்கொண்டே வந்தாள்.

தடுப்புச் சுவருக்கு வந்து திரும்பிப் பார்த்தார்கள். கோபுரம் அசையாமல் நின்றது. உச்சியில் சிவப்பு.

மைத்துனனின் போன் அடித்தது. துறைமுக அலுவலகம். அந்தக் குரல் ஓவியருக்கே கேட்டது. யாரைக் கேட்டு ஏற்றினாய், ஏறி உடனே இறக்கு, வண்டியை அனுப்புகிறேன். அவன் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டான்.

"மாமா," என்றான் மெதுவாக. "விழலேன்னா?"

ஓவியர் கோபுரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அது விழ வேண்டும் என்று தன் மனசு துடிப்பதைப் பார்த்து அவருக்கே அருவருப்பாக இருந்தது. விழாவிட்டால் இவன் வேலை போய்விடும், தன் கண்ணை இனி யாரும் நம்ப மாட்டார்கள். விழுந்துவிட்டால் கடலில் இருப்பவர்களுக்குக் கொடி இல்லை. நில்லு, என்று கோபுரத்தை மனசுக்குள் கெஞ்சினார். இன்னும் கொஞ்ச நேரம் நில்லு. படகெல்லாம் திரும்பட்டும்.

ஸ்டாண்டைக் காற்று உருட்டிக் கடலில் போட்டிருந்தது. கான்வாஸ் சுவரோரம் கிடந்தது.

"இதைத் தூக்கிப் பிடி," என்றார். "என் பக்கம் திரும்பி நில்லு."

"இப்ப படமா மாமா?"

"கை சும்மா இருந்தா பைத்தியம் பிடிச்சுடும். பிடிடா."

அவன் கான்வாஸை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கோபுரத்துக்கு முதுகு காட்டி நின்றான். ஓவியர் விளிம்பைப் போட ஆரம்பித்தார். இந்த முறை எதையும் திருத்தவில்லை. கண் என்ன சொன்னதோ அதைப் போட்டார். கீழே அலை குடைந்த இடத்தை நிழலாக விட்டார். விளிம்பை நட்டுக்குத்தலாக ஏற்றினார்.

"கொடி இருக்கா மாமா?"

"இருக்கு."

"படகு?"

"திரும்பிட்டாங்க. வரிசையா வர்றாங்க. ஒண்ணுதான் பின்னால இருக்கு."

"அது?"

"பொறு." தூரிகை மேலே ஊர்ந்தது. "அதுவும் மூக்கைத் திருப்பிடுச்சு. ஆடாம பிடி."

"நான் ஆடல. நீங்கதான் ஆடறீங்க."

டீக்கடை அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தூரிகை உச்சிக்கு விரற்கடை தூரத்தில் நின்றுவிட்டது. மைத்துனன் அவர் முகத்தையே பார்த்தான். சத்தம் ஒன்றும் இன்னும் கேட்கவில்லை. தூரத்தில் நடப்பது கண்ணுக்கு முதலில் வந்து சேரும், காதுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். அந்தச் சின்ன இடைவெளியில் அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பிறகு சத்தம் வந்தது. காலடியில் சுவர் அதிர்ந்தது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கான்வாஸ் அவன் கையில் ஆடாமல் இருந்தது.